விமானத்தளத்து லொறிகளைச் சின்ன அளவில் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீட்டு அலுமாரியில் இரண்டாம் உலகப் போர்க்கால எரிபொருள் பவுசர்கள், அம்புலன்ஸ்கள், தீயணைப்பு வண்டிகள், இழுவை வண்டிகள் எல்லாம் விரல் நீளத்தில் வரிசையாக நிற்கின்றன. பார்க்க வருபவர்களும், தாங்களும் செய்து பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

விமானத்தைச் செய்யாமல் லொறியை மட்டும் ஏன் செய்யிறியள்?

விமானத்தைப் பறக்க வைத்தது தரையில் நடந்த வேலை. எரிபொருள் ஊற்ற ஒரு வண்டி, இயந்திரத்தைத் தொடக்க மின்கலம் வைத்த ஒரு தள்ளுவண்டி, குண்டுகளை இழுத்துவர ட்ராக்டர், நொறுங்கி இறங்கும் விமானங்களில் காயப்பட்டவர்களைத் தூக்க அம்புலன்ஸ், நெருப்பு அணைக்க நுரை வண்டி, உடைந்த விமானத்தை ஏற்றிப்போக நீண்ட ட்ரெய்லர் என்று ஒரு தளத்துக்கு ஒரு சின்ன ஊரே தேவைப்பட்டது. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் தாங்கிகள் நிரம்ப 2,154 கலன் வேண்டும். ஏ.ஈ.சி. ஆறு சக்கரப் பெரிய பவுசர் கொண்டுபோனது 2,500 கலன். ஒரு விமானத்துக்கு ஊற்றினால் அந்தப் பெரிய வண்டியே கிட்டத்தட்டக் காலி. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு அந்தப் பவுசரைச் செய்யும்போது அது வெறும் லொறியாகத் தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. லொறியில் கதவு, இருக்கை, குழாய், ஏணி, வால்வு என்று கண்ணால் பார்த்து விளங்கக்கூடிய பகுதிகள்தான் இருக்கின்றன. எது எதற்கு என்று புரிந்துகொண்டே ஒட்டலாம்.

1:72 எண்டால் என்ன? சில பெட்டியில 1:76 எண்டும் கிடக்குதே, ரெண்டும் ஒண்டோ?

1:72 என்றால் உண்மையான பொருள் மொடலைப்போல 72 மடங்கு பெரியது. ஆறடி மனிதர் சரியாக ஓர் அங்குலமாக நிற்பார். 1:76இல் அதே மனிதர் 24 மில்லிமீற்றர். 1:76 என்பது ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்ற பிரித்தானிய ரயில் மொடல் அளவிலிருந்து வந்தது. ஏர்பிக்ஸ் நிறுவனத்தின் பழைய இராணுவ வாகனங்கள் பல அந்த அளவில்தான் வந்தன. அதே நிறுவனத்தின் விமானங்களோ 1:72.

இரண்டையும் ஒரே தளத்தில் வைக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். ஆறு மீற்றர் நீள லொறி 1:72இல் 83 மில்லிமீற்றர், 1:76இல் 79. லொறி விமானத்துக்குக் கொஞ்சம் பின்னால் நின்றால் யாருக்கும் தெரியாது. ஆனால் 1:72 மனிதர் ஒருவரை 1:76 லொறியின் கதவடியில் நிறுத்தினால் உடனே தெரிந்துவிடும். ஆட்கள் லொறியின் அளவிலேயே இருக்கட்டும்.

முதன்முதலாக் கட்டுறதுக்கு எந்தக் கிட் நல்லம்?

கிட் என்பது ஒட்டிச் செய்யவேண்டிய பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் வரும் மொடல். 1:76இல் ஏர்பிக்ஸின் மூன்று பழைய தொகுதிகள் இருக்கின்றன. எரிபொருள் தொகுதியில் ஏ.ஈ.சி. பவுசரும் பெட்போர்ட் கியூ.எல். பவுசரும். அவசரகாலத் தொகுதியில் ஒஸ்டின் கே2 அம்புலன்ஸும் ஒஸ்டின் கே6 தீயணைப்பு வண்டியும். மீட்புத் தொகுதியில் கோல்ஸ் கிரேனும், குயின் மேரி என்ற நீண்ட ட்ரெய்லரும் அதை இழுக்கும் பெட்போர்ட் வண்டியும். அவசரகாலத் தொகுதியில் தொடங்குங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. அம்புலன்ஸ் ஒரு பெட்டி மாதிரி. நேராக ஒட்டப் பழகுவதற்கு அதைவிட நல்ல வண்டி இல்லை.

குயின் மேரியைக் கடைசிக்கு வையுங்கள். மெல்லிய நீண்ட சட்டங்கள் நம்முடைய வெயிலில் வளையும், ஒட்டும்போதும் முறுகும். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, பசை காயும்வரை பாரம் வைத்து ஒட்டவேண்டிய வேலை அது. பிள்ளைகள் கொஞ்சம் பெரிய அளவில் செய்ய விரும்பினால் டமியா நிறுவனத்தின் 1:48 வாகனங்கள் பொருத்தத்தில் மிகவும் துல்லியமானவை. பிரித்தானிய 'டில்லி' சிறு வாகனமும் அமெரிக்க விமானத்தள எரிபொருள் லொறியும் அந்த அளவில் இருக்கின்றன.

இஞ்ச கடையில இல்லை. லண்டன் மாமா வரேக்க கொண்டுவரச் சொல்லலாமோ?

கிட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பசையையும் எனமல் பெயின்றையும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். இரண்டும் தீப்பற்றும் திரவங்கள், பயணிகள் விமானப் பொதியில் அனுமதி இல்லை. மாமாவைக் கட்டுநாயக்காவிலோ பலாலியிலோ சங்கடத்தில் மாட்டிவிட வேண்டாம். நீரில் கரையும் அக்ரிலிக் பெயின்றில் அந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் போத்தலில் 'தீப்பற்றக்கூடியது' என்ற அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

தபாலில் அனுப்புவதானால் சுங்கத் தீர்வை வரக்கூடும், அதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பெட்டிப் படத்தில் குண்டும் விமானமும் இருக்கும். அதனால் பொதியின் மேல் 'பிளாஸ்டிக் விளையாட்டு மொடல், பாகங்களாக' என்று உள்ளதை உள்ளபடி தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

பசை இல்லாட்டி சுப்பர் குளூ பூசினால் காணாதோ?

ஒட்டும், ஆனால் இந்த வேலைக்கு உரிய பசை அது இல்லை. மொடல் பசை பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு பகுதிகளையும் ஒன்றாக உருக்கிவிடும். பசை பூசியபின் சில நொடிகள் நகர்த்திச் சரிசெய்யலாம். சுப்பர் குளூ பட்ட இடத்திலேயே பிடித்துவிடும். அதன் ஆவி கண்ணாடிப் பகுதிகளை வெள்ளைப் புகையாக மூடிவிடும். லொறியின் முன்கண்ணாடிக்கு மர வேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசைதான் நல்லது, காய்ந்ததும் தெளிவாகிவிடும்.

ஹார்ட்வெயார் கடையில் விற்கும் லக்கர் தின்னர் இந்தப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மெல்லிய பிரஷ்ஷால் பொருத்து ஓரத்தில் ஒரு துளி தொட்டால் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். முதலில், பாகங்களை வெட்டி எடுத்தபின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் பரீட்சித்துப் பாருங்கள், கூடினால் பகுதியே உருகும். கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்பும் விளக்கும் அருகில் இருக்கக் கூடாது, சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது. மிச்சச் சட்டத் துண்டுகளை அதே தின்னரில் ஊறவைத்தால் தேன் பதத்துக்கு வரும். இடுக்கு நிரப்ப அதைப்போல ஒன்று கடையில் கிடைக்காது.

என்னென்ன ஆயுதம் வேணும்?

கூர்மையான நெயில் கட்டர், பிளேட், 400 மற்றும் 800 இலக்க சாண்ட் பேப்பர், புருவம் பிடுங்கும் சாமணம். பசை தொட ஈர்க்கு. இது போதும். பிரஷ் மட்டும் நல்லதாக வாங்குங்கள்.

எயார் பிரஷ் இல்லை. கையால அடிச்சால் கோடு கோடா வருது, என்ன செய்யிறது?

முதலில் எல்லாப் பகுதிகளையும் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து கழற்றப் பூசிய எண்ணெய் ஒட்டியிருந்தால் எந்தப் பெயின்றும் பிடிக்காது. பிறகு பெயின்றைப் பால் பதத்துக்கு இளக்கி, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தரம் பூசுங்கள். ஒரு பூச்சு முழுதாகக் காய்ந்தபின்தான் அடுத்தது. அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது மேலே பூசினால்தான் அந்தக் கோடுகள் வருகின்றன.

மிச்சத்தை நம்முடைய காலநிலை தீர்மானிக்கிறது. சித்திரை வெயிலில் அக்ரிலிக் பிரஷ்ஷிலேயே காய்ந்துபோகும். ஒரு தட்டில் ஈரத் துணி விரித்து, அதன்மேல் பேக்கிங் தாளை வைத்து, அதில் பெயின்றைக் கலந்தால் நெடுநேரம் இளக்கமாக இருக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதி ஈரப் பெயின்றில் வந்து குந்தும், பூசியதும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியால் மூடிவிடுங்கள். மாரி மழையில் மங்கல் வார்னிஷ் தெளித்தால் ஈரம் பிடித்து வெள்ளை படியும். ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டுகிற வேலையைச் செய்துவிட்டு, வார்னிஷைத் தை வெயிலுக்கு விட்டுவிடுவதே நல்லது.

பிரித்தானிய விமானப்படை லொறி எண்டால் என்ன நிறம்? நீலமோ, பச்சையோ, மண்ணிறமோ?

மூன்றும் சரி, எந்த ஆண்டு என்பதுதான் கேள்வி. போருக்கு முன் அவை விமானப்படையின் நீலச் சாம்பல் நிறத்தில் இருந்தன. போர் தொடங்கியதும் காக்கிப் பச்சையின் மேல் கரும்பட்டைகளாக உருமறைப்பு வந்தது. 1942 முதல் மண்ணிறம் அடிப்படை நிறமானது. 1944இலிருந்து அமெரிக்க வண்டிகளோடு ஒத்துப்போகும் ஒலிவ் நிறம். எல்லா வண்டிகளையும் உடனே மறுபடி பூசவில்லை, புது உத்தரவு வந்தபிறகும் பழைய நிறத்தில் ஓடிய வண்டிகள் இருந்தன. ஆகவே ஒரே தளத்தில் இரண்டு நிற வண்டிகள் நிற்பது பிழை இல்லை.

சின்ன அடையாளங்கள்தான் உயிர் கொடுக்கும். பதிவிலக்கத் தகட்டில் இலக்கத்துக்கு முன் விமானப்படையின் மூன்றெழுத்துச் சுருக்கம். இருட்டடிப்பு இரவுகளில் மோதாமலிருக்க மட்கார்ட் ஓரங்களில் வெள்ளைப் பூச்சு. முன் விளக்கில் வெளிச்சத்தைக் கீழே தள்ளும் மூடி. நச்சுவாயு பட்டால் நிறம் மாறும் மஞ்சள் கலந்த பச்சைத் திட்டு ஒன்று. கடைசியாக, நிறத்தைப் போத்தலில் உள்ளபடியே பூசாமல் கொஞ்சம் வெளுப்பாக்குங்கள். சின்னப் பொருளில் கடும் நிறம் கறுத்துத் தெரியும்.

1940 ஸ்பிற்பயருக்குப் பக்கத்தில பெட்போர்ட் கியூ.எல். பவுசரை வைச்சனான். பிழை எண்டு ஒருத்தர் சொல்றார், உண்மையோ?

உண்மைதான். பெட்போர்ட் கியூ.எல். 1941இல்தான் உற்பத்திக்கு வந்தது. 1940 கோடையில் இங்கிலாந்து வானில் சண்டை நடந்தபோது அந்த லொறி தளங்களில் இல்லை. டேவிட் பிறவுண் ட்ராக்டரும் அப்படித்தான், அதுவும் 1941இலிருந்து வந்தது. 1940 காட்சிக்கு அல்பியன் மூன்று முனைப் பவுசர் வேண்டும். அதன் குழாய்க் கைகள் மூன்று விமானங்களுக்கு ஒரே நேரத்தில் எரிபொருள் கொடுக்கக்கூடியவை. ஒரு படையணி இறங்கி அவசரமாக மீண்டும் எழவேண்டிய நாட்களில் அது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் பெட்போர்ட்டை வீணாக்க வேண்டாம். ஸ்பிற்பயரின் அடையாளங்களை 1942க்குப் பிந்தியதாக மாற்றுங்கள், அல்லது லொறியை வேறு விமானத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். நிறத்தை முந்தைய பதிலில் சொன்ன ஆண்டுக் கணக்கோடு ஒருக்கால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பவுசரை விமானத்துக்குக் கிட்ட எப்பிடி நிறுத்திறது? எப்பிடி வைச்சாலும் விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் தெரியுது.

ஏனென்றால் அங்கே வேலை நடக்கவில்லை. எரிபொருள் ஊற்றும்போது என்ன நடந்தது என்று ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். பவுசர் தீப்பிடித்தால் பின்னுக்கு எடுக்காமல் நேரே ஓட்டிக்கொண்டு போகக்கூடிய திசையில் நிற்கவேண்டும். நிலைமின் பொறி தட்டாமல் வண்டியையும் விமானத்தையும் இணைக்கும் ஒரு மண்கம்பி இருக்கவேண்டும், மெல்லிய செப்புக் கம்பி ஒன்று போதும். ஒருவர் இறக்கையின் மேல் குழாய் வாயைப் பிடித்திருப்பார், இன்னொருவர் பவுசரின் பின்பக்கப் பம்படியில். குழாய் தரையில் பாரத்தோடு வளைந்து கிடக்கவேண்டும், வானத்தில் மிதக்கக் கூடாது. ஈயக் கம்பியில் செய்தால் சொன்னபடி படுக்கும்.

அதேபோல அம்புலன்ஸையும் தீயணைப்பு வண்டியையும் விமானத்தை ஒட்டி நிறுத்தாதீர்கள். அவை கட்டுப்பாட்டுக் கட்டடத்தடியில், ஓடுபாதையைப் பார்த்தபடி காத்து நிற்கும் வண்டிகள். குண்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொளுவப்பட்டு ட்ராக்டரின் பின்னால் வரும், திரும்பும் இடத்தில் அந்த வரிசை வளைந்திருக்கவேண்டும். சக்கரங்களின் அடியைச் சாண்ட் பேப்பரில் ஒருமுறை தேய்த்துத் தட்டையாக்குங்கள். பாரம் ஏறிய ரயர் நிலத்தில் கொஞ்சம் அமுங்கும். இந்த ஒரு வேலையே லொறிக்கு நிறையைக் கொடுத்துவிடும்.

பழசாக் காட்ட எங்க எங்க துரு அடிக்கலாம்?

துருவைக் கையில் எடுக்காதீர்கள். போர்க்கால லொறி பெரும்பாலும் சில ஆண்டுகளே பழையது, பராமரிக்கப்பட்டது. எரிபொருளில் தூசு போனால் விமானத்தின் இயந்திரம் வானத்தில் நின்றுவிடும், அதனால் தாங்கியின் மூடியும் குழாய்களும் சுத்தமாகவே இருந்தன. அழுக்கு இருந்த இடம் வேறு. கால் வைத்து ஏறும் படியில் பெயின்ற் தேய்ந்திருக்கும். கதவுப் பிடியடியில் கை அழுக்கு. தாங்கி வாயிலிருந்து வழிந்த தடம் மட்டும் புழுதியில்லாமல் கொஞ்சம் பளபளப்பாகத் தெரியும். புழுதி சக்கரத்திலிருந்து மேலே போகப் போகக் குறையும்.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இதைக் கற்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் இன்னும் நம் கராஜ்களில் நிற்கின்றன. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் அவை. அந்தக் காலத்துப் பிரித்தானியத் தகடு எங்கே நசிகிறது, எந்த விளிம்பில் பெயின்ற் முதலில் போகிறது என்று போய்ப் பாருங்கள். கராஜ்காரரிடம் கேட்டால் மறுக்க மாட்டார். அழுக்குக் காட்டப் பூசும் மெல்லிய நிறத் தண்ணீரைக் கலக்க எண்ணெய் நிறங்களும் டேர்பன்டைனும் போதும். மண்ணெண்ணெய் வேண்டாம், பிசுபிசுப்பாக நின்று காயாது.

பழைய பெட்டி ஒண்டு கிடைச்சது. டெக்கால் எல்லாம் மஞ்சளாப் போச்சு, எறியிறதோ?

எறியாதீர்கள். டெக்கால் என்பது தண்ணீரில் நனைத்து மொடலில் ஒட்டும் அடையாளப் படம். அந்தத் தாளை ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தில், படம் வெளியே பார்க்க ஒட்டிவிட்டு நம் வெயிலில் சில நாள் விடுங்கள். மஞ்சள் பெரும்பாலும் வெளுத்துவிடும். பிறகு மெல்லிய பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, இல்லாவிட்டால் தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகும். பழைய அச்சில் வந்த பகுதிகளில் பிசிறு கூட இருக்கும். அதைச் சீவிவிட்டே ஒட்டத் தொடங்குங்கள்.

ஜப்பான், ஜேர்மன் வண்டியளும் கிடைக்குமோ?

கிடைக்கும். ஹசெகாவா நிறுவனம் ஜப்பானிய இசுசு எரிபொருள் லொறியையும், டொயோட்டா தொடக்கி லொறியையும் தந்திருக்கிறது. தொடக்கி லொறி மிகச் சுவையான வண்டி. அதன் மேல் நீட்டியிருக்கும் தண்டை விமானத்தின் விசிறி முனையில் கொளுவி, லொறியின் இயந்திர பலத்தால் விமான இயந்திரத்தைச் சுழற்றினார்கள். ஜேர்மன் பக்கத்தில் பாதி மோட்டார் சைக்கிள், பாதி சங்கிலிச் சக்கர வண்டியான கெட்டன்கிராட். மெ 262 ஜெட் விமானங்களை ஓடுபாதைக்கு இழுத்துப்போக அதைப் பாவித்தார்கள். எரிபொருள் தட்டுப்பாட்டில் ஜெட் தன் சொந்த இயந்திரத்தில் தரையில் ஓடுவது வீண் செலவு.

பலாலியை வைச்சு ஒரு காட்சி செய்யேலுமோ?

ஏலும், நான் மிகவும் விரும்பும் கேள்வி இது. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய அரச விமானப்படை அமைத்தது. அவர்களுடைய பதிவுகளில் அது காங்கேசன்துறைத் தளம். லிபரேட்டர் என்ற நான்கு இயந்திரப் பெரிய விமானங்கள் அங்கிருந்து கடலுக்கு மேல் பறந்தன. லிபரேட்டரின் இறக்கை விரிவு 1:72இல் கிட்டத்தட்ட 47 சென்ரிமீற்றர் வரும், முழு விமானத்தையும் வைக்க ஒரு மேசையே வேண்டும். ஆகவே ஒரு பக்க இறக்கையும் இரண்டு இயந்திரங்களும் மட்டும் காட்சிக்குள் வரட்டும், அதன் நிழலில் பவுசர் நிற்கட்டும்.

கிட்டோடு வரும் சிவப்பு நடுவட்டம் கொண்ட ஐரோப்பிய அடையாளத்தை விமானத்தில் ஒட்டாதீர்கள். ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பாமலிருக்க, தென்கிழக்காசியப் பகுதியில் சிவப்பை எடுத்துவிட்டு நீலமும் இளநீலமுமான வட்டம் பாவித்தார்கள். மண்ணைக் கடையில் தேட வேண்டாம். வலிகாமத்துச் செம்மண்ணைக் காயவைத்து மெல்லிய துணியில் அரித்து, வெள்ளைப் பசையில் தூவுங்கள். ஆனால் அள்ளிய நிறத்திலேயே விட்டால் கடுமையாக இருக்கும், மேலே கொஞ்சம் வெளிறிய தூசு பூசவேண்டும். இடைக்கிடை சுண்ணக்கல் தலைகாட்டட்டும். பனையைக் குட்டையாகச் செய்துவிடாதீர்கள். 20 மீற்றர்ப் பனை 1:72இல் 28 சென்ரிமீற்றர், லொறியைவிட மூன்று மடங்கு நீளம். அந்த உயரம் வந்தால்தான் பார்ப்பவர் இது எங்கள் ஊர் என்று சொல்வார்.

தெற்கே காலிக்குக் கிட்ட உள்ள கொக்கலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று: அது கடல் விமானத்தளம். ஏரியில் மிதந்த கற்றலினா கடல் விமானத்துக்குப் பக்கத்தில் லொறிக்கு வேலை இல்லை, படகுதான் வேண்டும்.

இவ்வளவு சண்டையைக் கண்ட சனம் நாங்கள். திரும்பவும் போர்ச் சாமானையே செய்யிறது மனதுக்குச் சரியோ?

இதைக் கேட்டவர் ஒரு அம்மா. பலாலி என்ற பெயரைக் கேட்டால் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து கையில் கிடைத்ததோடு வெளிக்கிட்ட நாள் ஞாபகம் வரும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. விமானச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் வீட்டு வரவேற்பறையில் குண்டு வண்டி வைப்பது சரியில்லை என்றே நினைக்கிறேன். வீட்டில் ஒருவருக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதில் விவாதத்துக்கு இடமில்லை.

எனக்கு இந்த வண்டிகளில் பிடித்தது, அவற்றில் பாதி ஆட்களைக் காப்பாற்றச் செய்யப்பட்டவை என்பது. ஒஸ்டின் அம்புலன்ஸின் பின்கதவைத் திறந்தபடி, உள்ளே நான்கு படுக்கைகள் தெரியும்படி செய்து பாருங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் மாறிவிடும். எத்தனை பேர் காயப்பட்டார்கள், யார் தூக்கினார்கள் என்று கேட்பார்கள். அதற்குப் பொய் சொல்லாமல் பதில் சொல்லுங்கள்.

செய்து முடிச்சதை எப்பிடிப் பாதுகாக்கிறது? அலுமாரியில பூச்சி உருண்டை போட்டு வைக்கலாமோ?

பூச்சி உருண்டை கூடவே கூடாது. அதிலிருந்து எழும் ஆவி இந்தப் பிளாஸ்டிக்கை இளக்கும். மூடிய அலுமாரியில் சில மாதம் கிடந்தால் ரயரும் மட்கார்டும் உருக்குலையும். உடுப்பு அலுமாரி வேண்டாம், தனிக் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். நேர் வெயில் படும் சுவரில் வைத்தால் டெக்காலை வெளுத்த அதே வெயில் லொறியின் நிறத்தையும் எடுத்துவிடும். மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் போடலாம். புழுதி தட்ட மெல்லிய பெயின்ற் பிரஷ் போதும், துணியால் துடைத்தால் கண்ணாடிகளும் ஏணிகளும் கையோடு வந்துவிடும்.